மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி பாதுகாப்பு: எதற்கு முதலில் செலவிடுவது?

இரவு ஒன்றரை மணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்த செவிலியர், பழக்கதோஷத்தில் ஊசியை மறுபடியும் அதன் மூடிக்குள் செருகப் போகிறார். முனை மூடியின் விளிம்பில் வழுக்கி, இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிடுகிறது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் கடுகளவு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நிற்பவரிடம் பணி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “சிஸ்டர், ஹெபடைடிஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா? டைட்டர் எவ்வளவு?” “மூன்று தவணையும் போட்ட ஞாபகம் இருக்கிறது, டாக்டர். டைட்டர் பார்த்ததில்லை.” (டைட்டர் என்பது தடுப்பூசியால் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளின் அளவு.)

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருக்கும் எனக்கு இந்தப் பதில் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியது. அதற்குப் பிறகு நடக்கும் ஓட்டமெல்லாம், அதாவது நோயாளியின் ரத்தத்தை அவசரமாகச் சோதிப்பதும், ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் எந்த மருந்துக் கடையில் இருக்கிறது என்று தேடுவதும், அதற்கான பணத்தை யார் தருவது என்று நிர்வாகத்தை எழுப்பிக் கேட்பதும், ஓர் எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கைவசம் இல்லாததால் வருபவை. ஐம்பது, அறுபது படுக்கைகளும் நூற்றைம்பது பணியாளர்களும் கொண்ட ஒரு நடுத்தர மருத்துவமனை, அளவான பணத்தை வைத்துக்கொண்டு தன் ஊழியர்களைக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றிலிருந்து காக்க நினைத்தால், அதன் முன்னால் இருக்கும் வழிகளில் எது முந்த வேண்டும், எது பிந்தலாம், எதைக் கைவிடலாம் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

ரத்தத்தின் வழியாகப் பரவும் மூன்று வைரஸ்களில் பணியாளர்கள் அதிகம் அஞ்சுவது எச்.ஐ.வி.க்குத்தான். ஆனால் தொற்றுள்ள நோயாளியின் ஊசி குத்தியபின் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 சதவீதம் என்று நீண்ட காலமாகக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, வைரஸ் மிகுந்த ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால், அதாவது வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ‘இ ஆன்டிஜென்’ என்ற புரதம் ரத்தத்தில் உள்ளவரின் ஊசி குத்தினால், ரத்தத்தில் தொற்றின் அடையாளம் தோன்றும் வாய்ப்பு 37 முதல் 62 சதவீதம் வரை. இ ஆன்டிஜென் இல்லாத நோயாளியானாலும் 23 முதல் 37 சதவீதம். போதாததற்கு, மேசையிலும் கருவியிலும் உலர்ந்து கிடக்கும் ரத்தத்தில் இந்த வைரஸ் ஏழு நாட்கள் வரையிலும்கூட உயிர்ப்போடு இருக்கும். டயாலிசிஸ் இயந்திரத்தின் பொத்தானில் பட்டுக் காய்ந்த ஒரு துளி, நகக்கண்ணில் இருக்கும் சிறு வெடிப்பு, இந்த இரண்டும் சந்தித்தாலே போதும். ஊசி குத்தியே ஆக வேண்டும் என்பதில்லை.

இத்தனை ஆபத்தான இதே வைரஸுக்குத்தான், மூன்றில் இது ஒன்றுக்கு மட்டும்தான், நம்மிடம் தடுப்பூசி இருக்கிறது. பாரூக் ப்ளம்பெர்க் 1960-களில் இந்த வைரஸின் மேல் உறையில் உள்ள புரதத்தை, அதாவது மேற்பரப்பு ஆன்டிஜெனைக் கண்டறிந்தார். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். மனித ரத்தத்திலிருந்து பிரித்துச் செய்த முதல் தடுப்பூசி 1981-இலும், ஈஸ்ட் செல்களில் தயாரித்த இன்றைய தடுப்பூசி 1986-இலும் அமெரிக்காவில் உரிமம் பெற்றன. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே இதைத் தயாரித்தபின் விலை நமக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவில் 1983-இல் ஓராண்டுக்கு 17,000 மருத்துவப் பணியாளர்களுக்கு இந்தத் தொற்று ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டிருந்தது. 1995-இல் அந்த எண்ணிக்கை 400 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில், 1991-இல், வேலை கொடுப்பவரே தன் செலவில் ஊசி போட முன்வர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

யாருக்கு முதலில்?

பல மருத்துவமனைகளில் இருக்கும் நடைமுறை, மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர் ஆகியோருக்கு மட்டும் மருத்துவமனைச் செலவில் ஊசி போட்டுவிட்டு, துப்புரவு, சலவை, பாதுகாப்பு, ஆம்புலன்ஸ் பணிகளில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களை “அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்” என்று விட்டுவிடுவதாகும். மறுபக்கம், வாசலில் நிற்பவர் முதல் அறுவை சிகிச்சை நிபுணர் வரை அனைவருக்கும் போடுவது. முதல் வழியில் செலவு பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் ஊசி யாரைக் குத்துகிறது என்று சம்பவப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்தச் சேமிப்பின் இன்னொரு முகம் தெரியும். மருத்துவக் கழிவு நிறைந்த மஞ்சள் பையை இறுக்கிக் கட்டித் தோளில் போட்ட தூய்மைப் பணியாளரின் முதுகில் ஊசி குத்துகிறது. சலவைக்கு வந்த விரிப்பின் மடிப்பிலிருந்து தையல் ஊசி வெளியே வருகிறது. அந்த ஊசி எந்த நோயாளியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அவர்களுக்குச் சிகிச்சையை முடிவு செய்வதும் கடினம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போடும் கடமையை மருத்துவமனையின் மீதுதான் வைக்கின்றன. ஆகவே இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பணம் இரண்டு கட்டமாகத்தான் வரும் என்றால், முதல் கட்டம் கழிவையும் ரத்தத்தையும் தொடும் எல்லோருக்கும் போகட்டும். அலுவலக மேசையில் இருப்பவர்கள் இரண்டாவது கட்டத்தில் வரட்டும். சம்பளப் பட்டியல் யாருடையது என்பது இந்த வரிசையை முடிவு செய்யக் கூடாது.

பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவியரையும் இங்கே மறந்துவிடக் கூடாது. ஊசி பிடிக்கப் பழகும் முதல் மாதங்களில்தான் கை தடுமாறும். வார்டுக்குள் நுழைந்தபின் முதல் தவணை போடுவதைவிட, கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே தொடங்கி, வார்டுக்கு வருவதற்குள் குறைந்தது இரண்டு தவணைகள் முடிந்திருக்கும்படி ஏற்பாடு செய்வது நல்லது.

முன்பே சோதிப்பதா, நேரே போடுவதா?

அடுத்த முடிவு, ஊசி போடுமுன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டுமா என்பது. நேரே போடுவதன் நன்மை வெளிப்படை: வேகம், குறைந்த செலவு, யாரையும் கேள்வி கேட்காத எளிமை. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்குத் தடுப்பூசி போட்டால் தீங்கு ஏதும் இல்லை. பலனும் இல்லை, அவ்வளவே. ஆனால் அவருக்குத் தொற்று இருப்பது தெரியாமலேயே போய்விடும் என்பதுதான் இந்த வழியின் பெருங்குறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2022-இல் உலகில் 25.4 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு இருந்ததாகவும், அதில் ஏறத்தாழ 2.98 கோடி பேர் இந்தியாவில் இருப்பதாகவும் கணக்கிட்டது. உலக அளவில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. இந்த விகிதத்தில் பார்த்தால் நூற்றைம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு, மூன்று பேருக்காவது, பெரும்பாலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த தொற்று, அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. கைக்குழந்தைக்கு வரும் தொற்று 90 சதவீதம் வரை நாள்பட்டதாக மாறும். ஆரோக்கியமான பெரியவருக்கு வரும் தொற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே அப்படி நிலைக்கும். ஆகவே பணியாளரிடம் சோதனையில் தெரியும் தொற்று, வேலையில் வந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் சிபாரிசு செய்வது மூன்றாவது வழி: ஒரே அமர்வில் முதலில் ரத்தம் எடுப்பது, உடனே அதே நாற்காலியில் முதல் தவணையைப் போடுவது. இந்த வரிசை மாறக் கூடாது. ஊசியில் இருப்பதே அந்த மேற்பரப்பு ஆன்டிஜென்தான் என்பதால், ஊசி போட்டபின் சில நாட்கள், மூன்று வாரம் வரைகூட, சோதனை பொய்யாகத் ‘தொற்று உண்டு’ என்று காட்டி ஒருவரை வீணாக அலைக்கழிக்கும். சோதனை முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவதும் தவறு. காத்திருக்கும் அந்த இடைவெளியில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். சோதனையில் தொற்று தெரிந்தால் வேலை போகாது என்று எழுத்தில் உறுதி கொடுக்க முடியாத மருத்துவமனை, முன்சோதனையைத் தொடவே வேண்டாம். எல்லோருக்கும் நேரே ஊசி போட்டுவிட்டுப் போகட்டும். வேலையில் சேர்க்குமுன் ரத்தம் எடுத்து, ‘பாசிட்டிவ்’ என்றதும் காரணம் சொல்லாமல் ஆளைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் அடுத்த மருத்துவமனையில் சேரும்போது ரத்தம் கொடுக்க மறுத்ததையும் கண்டிருக்கிறேன். பயத்தை உண்டாக்கும் சோதனை, நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

எந்த அட்டவணை?

வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். பெரியவருக்குத் தவணைக்கு 20 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லி லிட்டர், மேல்கைத் தசையில். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி எதிர்ப்பாற்றல் குறைவாக உருவாகும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி; இருந்தும் அங்கே போடும் பழக்கம் இன்னும் எஞ்சியிருக்கிறது. விரைவு அட்டவணையில் 0, 1, 2 மாதங்களில் மூன்று தவணையும் பன்னிரண்டாம் மாதத்தில் நான்காவதும் போடுவார்கள். டயாலிசிஸ் பிரிவிலோ அவசரப் பிரிவிலோ உடனே பணியில் இறங்குபவருக்கு விரைவு அட்டவணை முன்கூட்டிய பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் ஓராண்டு கழித்து வரும் நான்காவது தவணையைப் பிடிப்பது கடினம். செவிலியர்கள் ஓராண்டுக்குள் வேறு ஊர், வேறு நாடு என்று மாறிப்போகும் நம் சூழலில், மூன்று தவணை அட்டவணையே பொதுவில் ஏற்றது என்பது என் கருத்து. தவணை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இந்த ஒரு செய்தி தெரியாததால், “ஒன்று போட்டேன், விட்டுப்போச்சு, இனி எல்லாம் வீண்தான்” என்று எத்தனை பேர் நிறுத்திவிட்டார்கள்!

அட்டவணையைவிட நான் அதிகம் கவலைப்படுவது குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி. இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் கெட்டுவிடும். வீட்டு உபயோகக் குளிர்சாதனப் பெட்டியில், பனிக்கட்டி அறைக்கு நேர் கீழே, ‘நன்றாகக் குளிரட்டும்’ என்று தள்ளி வைக்கப்படும் குப்பிகள் இரவோடு இரவாக உறைந்து, காலையில் உருகி, பார்வைக்குப் பழையபடியே நிற்கும். சந்தேகமான குப்பியையும், அதே தொகுதியைச் சேர்ந்த இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கியதையும், ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். உறைந்ததில் வெண்மையான துகள்கள் திரண்டு, சில நிமிடங்களில் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்துவிடும். நல்ல குப்பி பால் கலங்கியதுபோல் நெடுநேரம் நிற்கும். சந்தேகக் குப்பியும் உறைந்ததைப் போலவே வேகமாகப் படிந்தால் அந்தத் தொகுதியைக் குப்பையில்தான் போட வேண்டும். ஒரு பிரிவில் பலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்று தெரிந்தால், அவர்கள் உடம்பைக் குறை சொல்லுமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டைட்டரா, பூஸ்டரா?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒப்பீடுதான். மூன்று தவணை முடிந்தபின் மருத்துவமனைகள் செல்லும் பாதை மூன்று விதம். ஒன்று, ஊசி போட்டாகிவிட்டது என்று கோப்பை மூடிவிடுவது. இரண்டு, எதையும் சோதிக்காமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பூஸ்டர் போடுவது. மூன்று, மூன்றாம் தவணைக்கு ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் எதிர்ப்பொருளின் அளவை, அதாவது டைட்டரை, ஒரே ஒருமுறை பார்த்து எழுதி வைப்பது.

ஆரோக்கியமான இளவயதினரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு மூன்று தவணையில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகிறது. வயது நாற்பதைத் தாண்டினாலோ, உடல் பருமன், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருந்தாலோ அது குறைகிறது. நூற்றைம்பது பேரில் ஒழுங்காக மூன்று தவணையும் போட்டுக்கொண்டும் பாதுகாப்பு இல்லாதவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள் என்பது இதன் பொருள். முதல் பாதையில் அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது; அவர்களுக்கே தெரியாது; பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டே வேலை செய்வார்கள். இரண்டாவது பாதையிலும் நிலைமை அதிகம் மாறாது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூற்று நாற்பது பேருக்குத் தேவையில்லாத ஊசியும், அந்தப் பத்துப் பேருக்குப் போதாத ஊசியும் போடப்படும். ஒருமுறை டைட்டர் மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டைத் தொட்டவருக்கு, பிற்காலத்தில் அந்த அளவு இறங்கி, சோதனையில் தெரியாத நிலைக்கே போனாலும், உடலின் நினைவாற்றல் அப்படியே இருக்கிறது. வைரஸ் நுழைந்தால் அது மளமளவென்று எதிர்ப்பொருளைப் பெருக்கிவிடும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றாத பணியாளருக்குப் பூஸ்டரும் வேண்டாம், ஆண்டுதோறும் டைட்டரும் வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது இதனால்தான். பிரிட்டனில் சற்றுக் கூடுதல் எச்சரிக்கை உண்டு: அங்கே 100-ஐ எட்டினால்தான் நல்ல எதிர்வினை, 10-க்கும் 100-க்கும் இடையில் இருப்பவருக்கு இன்னொரு தவணை போடுகிறார்கள். இரண்டில் எதைப் பின்பற்றினாலும், ஒருமுறை அளந்து பார்ப்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகின்றன.

அளவு 10-க்குக் குறைந்தால் இரண்டாவது மூன்று தவணைத் தொடரைப் போட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். கணிசமானோர் இந்தச் சுற்றில் தேறிவிடுவார்கள். ஆறு தவணைக்குப் பிறகும் தேறாதவருக்கு, முதலில் தொற்றே இருக்கிறதா என்று மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனையும் அதன் கூடவே, தொற்று எப்போதாவது வந்திருந்தால் காட்டும் கோர் எதிர்ப்பொருள் சோதனையும் செய்து பார்க்க வேண்டும். எதுவும் இல்லை என்றால் அவர் உண்மையிலேயே எதிர்வினை இல்லாதவர். ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று சிவப்பு மையில் அவர் அட்டையில் எழுதி, அவர் கையிலும் ஒரு நகல் கொடுக்க வேண்டும்.

இங்கே இன்னொரு தலைமுறை நம் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2011 டிசம்பர் முதல் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தது. அதற்கு முன்பே படிப்படியாகச் சில இடங்களில் குழந்தைகளுக்குத் தனியாகப் போடப்பட்டு வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பிள்ளைகள் செவிலியப் படிப்புக்கு வரும்போது டைட்டர் பார்த்தால் பலருக்கு 10-க்குக் கீழேதான் இருக்கும். பதினெட்டு ஆண்டில் அளவு இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு ‘எதிர்ப்பாற்றல் இல்லை’ என்று மூன்று தவணைகளையும் மறுபடி தொடங்கத் தேவையில்லை. ஒரே ஒரு தவணை போட்டு, ஒன்று இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால், நினைவாற்றல் உள்ளவருக்கு அளவு பல மடங்காக ஏறியிருக்கும். ஏறாதவருக்கு மட்டும் மீதி இரண்டு தவணை. குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வரச் சொல்வதும் இதற்காகத்தான். அம்மாவின் பீரோவில் மடித்து வைத்த அந்த அட்டை இந்த முடிவில் நிறையச் செலவைக் குறைக்கும்.

குத்தியபின் செய்வதை நம்பியிருக்கலாமா?

சில நிர்வாகங்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: எல்லோருக்கும் ஊசியும் டைட்டரும் பார்ப்பதைவிட, யாருக்காவது குத்தினால் அவருக்கு மட்டும் இம்யூனோகுளோபுலின் வாங்கிக் கொடுத்துவிடலாம். காகிதத்தில் இது சிக்கனமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு மருந்தின் விலை, ஒரு பணியாளரின் மூன்று தவணைக்கும் டைட்டருக்கும் ஆகும் மொத்தச் செலவைவிடப் பல மடங்கு. முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏழு நாள் தாண்டினால் பலன் இருப்பதற்குச் சான்று இல்லை. நம் மாவட்டங்களில் அது எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. அமெரிக்க அளவுப்படி உடல் எடை கிலோவுக்கு 0.06 மில்லி லிட்டர். இங்கே கிடைக்கும் குப்பிகளில் அளவு யூனிட்டில் குறிக்கப்பட்டிருப்பதால் லேபிளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரவு மூன்று மணிக்கு இந்தக் கணக்கை யார் போடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வழி குத்தியதைச் சொல்பவருக்கு மட்டும்தான் உதவும். திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் விட்டவருக்கும், குத்தியதே தெரியாமல் போனவருக்கும் அது எதையும் செய்யாது. தடுப்பூசி அவர்களையும் காக்கும்.

டைட்டர் தெரிந்த மருத்துவமனையில் அந்த இரவு எவ்வளவு எளிது என்று பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் ஹெபடைடிஸ் பி-க்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை, நோயாளிக்குத் தொற்று இருந்தாலும் சரி. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் நகரலாம். மூன்று தவணை முடித்தும் தேறாதவருக்கு, நோயாளிக்குத் தொற்று இருந்தாலோ யார் என்றே தெரியாவிட்டாலோ, ஒரு இம்யூனோகுளோபுலினும் இரண்டாவது தொடரின் முதல் தவணையும் வெவ்வேறு கைகளில். ஆறு தவணைக்கும் தேறாதவருக்கு இம்யூனோகுளோபுலின் மட்டும், ஒரு மாத இடைவெளியில் இருமுறை. ஊசியே போடாதவருக்கு இம்யூனோகுளோபுலினுடன் தடுப்பூசியும் அன்றே தொடங்க வேண்டும். பாதுகாப்பு உறுதியாகாத எல்லோருக்கும் அன்றும், ஆறு மாதம் கழித்தும் சோதனை. குத்திய இடத்தைப் பிதுக்குவதும், பிளீச் ஊற்றுவதும் வேண்டாம். சோப்பும் ஓடும் நீரும் போதும்.

இதைச் சொல்லும்போது ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வதற்கான செலவைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லாதவரை ஊசிப் பாதுகாப்புதான் முதல் வேலி. பயன்படுத்தியதும் முனை மறைந்துகொள்ளும், விலை கூடிய பாதுகாப்பு ஊசிகளை எல்லா வார்டுக்கும் வாங்க முடியாவிட்டால் தீவிர சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் மட்டுமாவது வாங்கலாம். மற்ற இடங்களில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் அந்த வெள்ளை ஷார்ப்ஸ் டப்பாவை வார்டின் மூலையிலிருந்து எடுத்து, ஊசி போடும் தட்டோடு நோயாளியின் கட்டில் வரை கொண்டுபோகும் பழக்கம் வந்தாலே மூடியை மறுபடி செருகும் தேவை பெரும்பாலும் போய்விடும். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் மாற்ற வேண்டும். நிறைந்த டப்பாவுக்குள் ஊசியைக் கையால் அமுக்குகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

தொற்று உள்ளவர் நம்மிடையே இருந்தால்

கடைசியாக, சோதனையில் தொற்று தெரிந்த பணியாளர். வேலையிலிருந்து எடுப்பது, ரத்தம் படாத வேலைக்கு மாற்றுவது, சிகிச்சையோடு அதே வேலையில் வைத்திருப்பது என்று மூன்று வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது அநீதி என்பதோடு மருத்துவக் காரணமும் அற்றது. பணியாளரிடமிருந்து நோயாளிக்குத் தொற்று போகக்கூடிய வேலைகள் சில மட்டுமே: உடலின் குறுகிய குழிக்குள், கண்ணுக்குத் தெரியாமல், கூரான கருவியோடு விரலும் இருக்கும் அறுவை சிகிச்சைகள். ரத்தம் எடுப்பது, சொட்டு மருந்து ஏற்றுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணருக்கே, வைரஸின் அளவு அமெரிக்க வழிகாட்டுதலில் (2012) மில்லி லிட்டருக்கு 1,000 யூனிட்டுக்குக் கீழும், பிரிட்டனில் 200 யூனிட்டுக்குக் கீழும் இருந்து கண்காணிப்பும் தொடர்ந்தால் பணியைத் தொடர அனுமதி உண்டு. டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் பெரும்பாலானோருக்கு அந்த அளவைக் கீழே கொண்டுவந்துவிடும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளும் மருந்துகளும் இலவசம்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொற்று தெரிந்தவுடன் நம் பணியாளர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அதைத்தான். 1988-இல் லான்செட் இதழில், சென்னையில் நடந்த, ப்ளம்பெர்க்கும் இணைந்து எழுதிய ஓர் ஆய்வு வெளிவந்தது. கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக அது சொன்னது. அந்தச் செய்தி நம் ஊரில் நம்பிக்கையை விதைத்ததில் வியப்பில்லை. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. புதிதாகத் தொற்றி, மஞ்சள் காமாலை வந்து தானாக இறங்கும் குறுகிய காலத் தொற்றில், பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்தும் இன்றியே குணமாகிறார்கள். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. நாள்பட்ட தொற்று உள்ளவர் அதை நம்பி வைரஸ் அளவைப் பார்க்காமல் ஆண்டுகளைக் கடத்தினால் கல்லீரல் சுருங்கியபிறகுதான் வருவார். பாட்டி அரைத்துக் கொடுப்பதை யாரும் இகழ வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

எங்களோடு பணிபுரியும் ஆய்வக நுட்பநர் ஒருவருக்கு முன்சோதனையில் தொற்று தெரிந்தபோது, முடிவை அறைக் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் மட்டும் சொன்னோம். முதலில் அவர் கேட்டது, “மேடம், வேலை போய்விடுமா?” என்றுதான். போகாது என்றோம். அதன் பிறகே வைரஸ் அளவு, கல்லீரல் நொதி, வீட்டில் யார் யார் என்ற கேள்விகளுக்கு அவர் காது கொடுத்தார். அவருடைய வேலை அப்படியே தொடர்கிறது. அவர் கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. இரு பிள்ளைகளுக்கும் பிறந்தபோதே ஊசி போட்டிருந்தார்கள், சோதனையில் தொற்று இல்லை. மனைவிக்கும் தொற்று இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. அவருக்கு இரண்டு தவணை முடிந்துவிட்டது, மூன்றாவது வரும் ஆவணி மாதத்தில்.